கழற்றக் கூடாத பிளக்

என் அக்காவின் கணவரைத் தெருவில் 'எழுத்துக்காரர்' என்பார்கள். கதையோ கவிதையோ எழுதுபவர் அல்ல. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 'எழில் அச்சகம்' என்று சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். லீவு லெட்டர் அடிக்க யாராவது வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார், எந்த எழுத்துருவில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். "காய்ச்சல்னு எழுதியிருக்கீங்க. எழுத்து தொப்பையும் தொந்தியுமா இருக்கே, யாருங்க நம்புவாங்க?" என்பார். வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

கடைக்குள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது ஒரு பழைய லேசர் பிரிண்டர். மூடிப்போன வக்கீல் அலுவலகம் ஒன்றிலிருந்து வந்தது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அதில்தான் அச்சானது. அதனால் அந்த மெஷின் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கி, கணினி வழியாக அதன் நினைவகத்துக்கு அனுப்பி உட்கார வைக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் அத்தனையையும் மறந்துவிடும். அதனால் பிளக் மேல் அத்தான் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'உயிரே போனாலும் கழற்றக் கூடாது.'

நல்ல எழுத்துரு லேசில் கிடைக்காது. திரையில் ராஜா மாதிரி இருப்பது தாளில் எலி கடித்த மாதிரி வரும். எல்லா எழுத்தும் அம்சமாக அமைந்த ஒன்றில் 'ஞ' மட்டும் இருக்காது. இலவசம் என்று கூப்பிட்டதை நம்பி இறக்கினால், செய்தவர் பெயர் தாளின் குறுக்கே பட்டையாக விழும். ரொம்ப அழகான ஒன்று நினைவகத்துக்குள் அடங்காமல் பாதிப் பக்கத்தோடு நின்றுபோனது. தோற்றதையெல்லாம் அத்தான் மாதிரித் தாளாக அடித்துச் சுவரில் ஒட்டி, குற்றத்தைச் சிவப்பு மையில் கீழே எழுதிவைப்பார். வெள்ளையடிக்கும் செலவு மிச்சம் என்பாள் அக்கா.

அக்காவே ஒருநாள் கண்டிஷன் போட்டாள். "ஸ்கூல்ல சான்றிதழ் அடிக்க ஆள் தேடுறாங்களாம். வருஷா வருஷம் வர்ற வேலை. அது கெடைச்சா இந்த மெஷின் இருக்கட்டும். கெடைக்கலன்னா, பழைய இரும்புக் கடை தெருமுனையிலதான் இருக்கு. நீங்களும் ஒழுங்கா ஒரு வேலைக்குக் கெளம்பலாம்."

அத்தான் ஸ்கூலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, ராத்திரியெல்லாம் எழுத்துரு தேடினார். மாதிரி பார்க்கத் தலைமையாசிரியை வருவதற்கு முந்தின நாள், யாரோ போட்டுவைத்து மறந்துபோன ஓர் இணையப் பக்கத்தில் அவர் தேடிய எழுத்துரு கிடைத்தது. அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இந்த 'ழ'வப் பாரு. உக்காந்திருக்கிற மாதிரியும் இருக்கு, கெளம்புற மாதிரியும் இருக்கு."

"உங்கள மாதிரியே," என்றாள் அக்கா, தாள் அடுக்குவதிலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாள் உச்சி வெயிலில் தலைமையாசிரியை வந்தார். வேர்த்துக் கொட்டியது. கடையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த ஃபைலால் விசிறிக்கொண்டார். "ஃபேன் இல்லீங்களா?"

"இதோ மேடம்," என்று அத்தான் பதறிப்போய் மேஜை விசிறியை இழுத்து வந்தார். கடையில் இருப்பதே மூன்று பிளக் பாயின்ட். ஒன்றில் கணினி, ஒன்றில் விளக்கு. அவர் கை மூன்றாவதற்குப் போனது. "அத்தான்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் பிளக் வெளியே வந்துவிட்டது. சீட்டு அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

காற்று சுகமாக வந்தது. அத்தான் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு விளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் பிரிண்டரைச் சொருகி, கும்பிடாத குறையாகப் பட்டனை அழுத்தினார். டாலர் குறியும் கேள்விக்குறியும் அரைகுறை ஆங்கில எழுத்துமாக ஒரு தாள் வந்து விழுந்தது.

தலைமையாசிரியை அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எந்த மொழிங்க?"

"மறந்துடுச்சு மேடம். நேத்து எல்லாம் நல்லாத் தெரிஞ்சுது."

"எங்க பசங்களும் பரீட்சையில இதத்தான் சொல்றாங்க."

அத்தான் மறுபடி எழுத்துருவை ஏற்ற உட்கார்ந்தார். அது மெதுவாகத்தான் ஏறும். தலைமையாசிரியை பொழுது போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே போய், ஒரு தாளின் முன் நின்றார். அதன் கீழே சிவப்பு மையில், 'ஜப்தி நோட்டீஸ் மூஞ்சி' என்று இருந்தது.

"இது நல்லாருக்கே. சான்றிதழ்னா இப்படித்தான் இருக்கணும். பார்த்ததும் ஒரு பயம் வரணும்."

"மேடம், ஒரே நிமிஷம், புதுசா ஒண்ணு..."

"இதையே போட்டுடலாம் மேடம்," என்றாள் அக்கா.

ஆர்டர் கையெழுத்தானது. புதிய எழுத்துருவைத் தலைமையாசிரியை கடைசிவரை பார்க்கவே இல்லை.

"மெஷின் தப்பிச்சுடுச்சே அத்தான்," என்று தேற்றினேன்.

"மெஷின் தப்பிச்சுது," என்றார்.

சான்றிதழ்கள் முழுவதையும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே அடித்தார். கட்டிக் கொடுக்கும்போது அக்கா ஒன்றைக் கையில் எடுத்தாள். அடியில், எறும்பு வரிசை போல, 'எழில் அச்சகம்' என்றிருந்தது.

"இது மட்டும் வேற எழுத்தா?"

அத்தான் டோனரைத் துடைக்கும் சாக்கில் குனிந்துகொண்டார். அக்கா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "'ழ' நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கட்டை இறுக்கினாள்.

இப்போது பிளக் மேல் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறது: 'யாருக்கு வேர்த்தாலும் கழற்றக் கூடாது.' கையெழுத்து அக்காவுடையது.