ஒரு பேருதான்

அந்த வருஷங்களில் எங்கள் தீவுக்கு எந்தப் படமும் உடனே வந்து சேர்ந்ததில்லை. மெயின்லேண்டில் இருப்பவர்கள் தட்டிய மறுநொடி பார்த்து, சிரித்து, மறந்தும் போயிருப்பார்கள். நான் போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் வீட்டுப் பின்புறப் பலாமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டிலேயே அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல். முதலில் மங்கலாக ஒரு நிறம் வரும். அதன் நடுவில் வட்டம் சுற்றும். வரப்போவது முகமா, மலையா, மீனா என்று யோசித்தபடி நிற்கலாம். துணி காயப்போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கும் என்றால் என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். தெளிந்து வந்த படங்களில் பாதி, வராமலே இருந்திருக்கலாம்.

இப்போது நினைத்தாலும் அந்த நாட்கள் எனக்கு அப்படித்தான் வருகின்றன. முதலில் ஈரமான ஒரு பச்சை. வெகுநேரம் பச்சை மட்டுமே. பிறகு அதற்குள்ளிருந்து மெதுவாக அக்கா வருவாள், தலையில் துண்டும் கையில் டிபன் டப்பாவுமாக.

நாங்கள் பிறந்தது கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தேயிலையை அங்கேயே விட்டுவிட்டு, தேயிலைத் தோட்டத்துப் பேச்சை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பேச்சில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிற்கவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். முழு வேலை பார்த்தால் பேர் விழும். மழையில் வேலை பாதியில் நின்றால் அரைப்பேர். பால் குறைந்தாலோ, கணக்கப்பிள்ளைக்கு யார் மீதாவது கடுப்பு வந்தாலோ பேர் வெட்டு. அன்றைய கூலி போயிற்று, அவ்வளவுதான். மறுநாள் மறுபடியும் போய் நிற்கலாம். மரத்தில் பால் வெட்டினார்கள், மனுஷருக்குப் பேர் வெட்டினார்கள். இரண்டும் ஒரே கத்தியால் செய்கிற வேலை என்றுதான் சின்ன வயசில் எனக்கு எண்ணம்.

சுனாமி அலை வந்தது. அன்று காலை கரைப்பக்கம் போன அத்தான், அக்காவின் கணவர், திரும்பி வரவில்லை. தகரக் கொட்டகைகளில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தோம். எனக்குக் கல்யாணம் நடந்தது. அக்காவுக்கும் இன்னொரு கல்யாணம் பேசினார்கள். அவள் கல்யாணம் வேண்டாம், வேலை வேண்டும் என்றாள். ஒரு காண்டிராக்டரிடம் ரோடு, சாக்கடை வேலைக்குப் போகும் பெண்களோடு சேர்ந்துகொண்டாள். கச்சாலிலிருந்து வந்த எங்கள் பெண்கள் சிலரும் அதில் இருந்தார்கள். டெய்ரி ஃபார்ம் பக்கம் அவள் சிமெண்ட் கலந்து போட்ட சாக்கடை மூடிகளின் மேல் இப்போதும் நான் நடந்துதான் போகிறேன்.

அந்த வேலைதான் அவளைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்பியது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாசற்படியில் உட்கார்ந்து, கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது. தோளைத் தொட்டால், தூக்கத்திலிருந்து எழுந்தவள் மாதிரி “மணி என்ன, பஸ்ஸு போயிருச்சா?” என்பாள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கண்டாலே பயம். திங்கட்கிழமை வந்தால் போதும், அக்கா திரும்பக் கிடைத்துவிடுவாள்.

அரசாங்கம் வைத்த குறைந்தபட்சக் கூலியை அந்தக் காண்டிராக்டர் தரவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு நாள் அந்தப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, வரும் திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் லேபர் ஆபீஸ் வாசலில் உட்காருவது என்று பேசி முடித்தார்கள். அதிலிருந்து பிடித்தது வாட்ஸப்புக்குச் சனியன்.

என் கணவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிமெண்ட், கம்பி விற்கும் கடை வைத்திருந்தார். காண்டிராக்டர்கள்தான் அவருக்கு வாடிக்கை. அவர்களுடைய குரூப்பில் விழுவதெல்லாம் அவர் வழியாக எனக்கும் வரும். கூலி ஏறினால் கப்பல் டிக்கெட் ஏறும். கூலி ஏறினால் தக்காளி கண்ணிலேயே படாது. கூலி ஏறினால் மெயின்லேண்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், நமக்கு நிற்க இடமிருக்காது. ஒரு வீடியோவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், கூலியை உயர்த்தினால் நாடே படுத்துவிடும் என்றார். டாக்டருக்கும் சாக்கடை வேலைக் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

“படிச்சவரு சொல்லுதாருல்லா” என்றார் கணவர்.

“படிச்சவரு ஊசி போடட்டும்” என்றேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்திருந்தாள். இரண்டு பேரும் பலாமரத்தடியில் நின்றோம். கணவர் கடையிலிருந்து ஏதோ அனுப்பியிருந்தார். முதலில் சிவப்பு. அக்கா செம்பருத்திப் பூ என்றாள். நான் சேலை விளம்பரம் என்றேன். மழை விட்டு இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சு கச்சாலுக்குப் போய், ரப்பர் இலை அழுகும் மணத்துக்குப் போய், ஒரு கோழியைத் தேடி நாங்கள் காட்டுக்குள் வழி தவறிய ஒரு மத்தியானத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது படம் தெளிந்திருந்தது. பூட்டுப் போட்ட இரும்புக் கேட். அதன் மேல் சிவப்பு எழுத்துகள். அக்கா எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

“திங்கட்கிழமை உட்காரும் ஒவ்வொருவரின் பேரும் வெட்டப்படும்.”

படித்துவிட்டுச் சிரித்தாள். “ஒரு நாள் பேருதானே. வெட்டிட்டுப் போறான். வேலைக்குப் போகாத நாளைக்கு எவன் பேரு போடப்போறான்? இத ஒரு படமா வேற போட்டுருக்கான்.”

அப்படியே என் போனை வாங்கி, கச்சால் பெண்களுக்கு வாய்ஸ் அனுப்பினாள். “ஒரு நாள் பேருதானாம் புள்ளைகளா. பயப்படாதீங்க. எல்லாரும் வந்துருங்க.” மரத்தடியில் நின்று நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து வந்து பார்த்தது.

அந்தப் பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு வங்காளப் பெண். அக்காவோடு அதே வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலியருகே வந்து, முகம் வெளுத்து நின்றாள். தானும் தன் ஆட்களும் நாளைக்கு வரமாட்டோம், அக்காவிடம் சொல்லிவிடு என்றாள். ஏன் என்றதற்குப் போனைக் காட்டினாள். அதே கேட், அதே பூட்டு. எழுத்து மட்டும் ஹிந்தி.

“நாம் காட் தியா ஜாயேகா” என்று வாசித்தாள். “நௌக்ரி கதம், தீதி.”

பெயரை அடித்துவிடுவார்கள், இனி வேலையே கிடையாது. ஹிந்தியில் அதற்கு அதுதான் அர்த்தம், தீவில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். யாரோ ஹிந்தியில் எழுதியதை வேறு யாரோ சொல்லுக்குச் சொல் தமிழாக்கிவிட்டிருந்தார்கள். ஒழுங்கான தமிழில் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தால் அக்காவுக்கும் புரிந்திருக்கும். இவர்கள் மிரட்டுவதற்காக எடுத்த சொல், எங்கள் தோட்டத்துப் பேச்சில் தினமும் புழங்கிய சொல்லாகப் போயிற்று.

கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். “அந்தக் கேட்டுப் படத்த யாரு எழுதினது?”

“யாருக்குத் தெரியும். வந்துச்சு, அனுப்பினேன்.”

“எங்கக்காவும் அதுல ஒருத்தின்னு தெரியும்ல?”

“தெரிஞ்சுதான் அனுப்பினேன். பயந்தாவது மதினி வீட்டுல இருக்கட்டும்னு நெனச்சேன். வேலை போச்சுன்னா அவங்க என்ன ஆவாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் சொன்னதில் பாதி எனக்குள்ளும் இருந்த பயம் என்பதால் கோபம் இன்னும் கூடியது. குழம்பு ஊற்றாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மத்தியானம் நல்ல மழை. குடை இருந்தும் நனைந்துகொண்டுதான் அடுத்த தெருவில் இருந்த அக்காவின் அறைக்குப் போனேன். அவள் மறுநாள் உடுத்தச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் அவளை வாசற்படியில் பார்க்காதது அன்றைக்குத்தான். விஷயத்தைச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“அந்தப் பேரா?”

“அந்தப் பேருதான்.”

தகரத்தில் மழை விழும் சத்தத்துக்குள் நாங்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தால் ஊர் எது, வருஷம் எது என்பது அழிந்துவிடும். பிறகு அக்கா கேட்டாள், “நீ எத்தன பேருக்குச் சொன்ன?”

“உனக்கு மட்டும்தான்.”

“வேற யார்கிட்டயும் சொல்லிராத.”

“நீயும் போகாதக்கா.”

“ஒரு நாள் பேருதான்னு எல்லாருக்கும் சொன்னது நான். நான் வீட்டுல இருந்துட்டா அவளுக எத நம்பி வருவாளுக?” சேலையை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். “அடிக்கடி ஒரு கனவு வருது தங்கச்சி. பெரட்டுக்களத்துல நிக்கிறேன். எல்லாரையும் கூப்பிடுறாங்க. உங்கத்தான மட்டும் கூப்பிடவே இல்ல. நான் கேக்கப் போறேன், தொண்டையில சத்தம் வர மாட்டேங்குது. இந்தத் தடவையாவது சத்தமா கேட்டுட்டு வாரேன்.”

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் அந்தச் சேலையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டு, அடடா, நாளைக்குக் கட்ட வேண்டியதாச்சே என்று மறுபடி உதறினாள்.

திங்கட்கிழமை உச்சிப் பொழுதில் எலுமிச்சைச் சாறு கரைத்து எடுத்துக்கொண்டு நானும் பஸ் ஏறிப் போனேன். ஆபீஸ் எதிரே மரநிழலில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வங்காளப் பெண்கள் வரவில்லை. கச்சால் பெண்கள் ஒருத்தி விடாமல் வந்திருந்தார்கள், கல்யாண வீட்டில் உட்கார்ந்த மாதிரி. கீழே கடல் அசையாமல் கிடந்தது. கப்பல் ஒன்று சங்கு ஊதியதும் எல்லாரும் பேச்சை நிறுத்தி அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒரு ஆபீசர் வந்து நின்று என்ன வேண்டும் என்று கேட்டார். அக்காதான் பேசினாள், பாதி ஹிந்தி பாதி தமிழில், சத்தமாக. அவர் உள்ளே போனார். அன்று உள்ளே போன பேச்சு அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தப் பெண்களின் கையில் முழுக் கூலியாக வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு மனம் வராது.

யாரோ எங்களைப் படம் எடுத்தார்கள். சாயங்காலம் அதுவும் வந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஆட்கள் என்று கீழே எழுதியிருந்தது. தீவைத் தவிர வேறு மண்ணை மிதித்தறியாத நாங்கள் அதை மரத்தடியில் நின்று பார்த்தோம். “எழுதினது பொய்யி. படத்துல நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வழக்கம்போல டிபன் டப்பாவோடு கிளம்பினாள். நான் வேலை எதுவும் ஓடாமல் பலாமரத்தடியில் நின்றேன். அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் வந்து வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது. அந்த வட்டத்தை வாழ்க்கையில் முதல்முறையாகத் திட்டினேன்.

திறந்ததும் லாரி சத்தம். காக்கை. பிறகு காண்டிராக்டரின் கணக்கு எழுதும் முன்ஷி ஹாஜிரி எடுக்கும் குரல். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறான், ஒவ்வொருத்தியாக “ஹாஜிர்” என்கிறாள். தூக்கக் குரல், சளிப் பிடித்த குரல், கச்சாலில் எங்களோடு தாயம் ஆடியவளின் கீச்சுக்குரல். கடைசியில் போனுக்குப் பக்கத்தில் அக்கா பேசினாள், சந்தோஷமாக.

“எல்லாரு பேரும் இருக்கு தங்கச்சி. ஒரு பேருதான் வெட்டுனாங்க.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னேன். ஒரு நாள் கூலிதான் போயிற்று, வேலை இருக்கிறது என்றேன். அவரும் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். முந்தாநாள் ஊற்றாத குழம்பையும் சேர்த்து அன்றைக்கு ஊற்றினேன்.

அவர் கடைக்குப் போன பிறகு, அந்தக் குரல்களை இன்னொரு தரம் கேட்க ஆசையாக இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பெரட்டுக்களமும் விடியற்காலை ரப்பர் காடும் கண்ணுக்குள் வந்தன. பெயர்கள் ஒவ்வொன்றாக மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தன. முடிந்ததும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.

அக்காவின் பெயரை முன்ஷி கூப்பிடவே இல்லை.

ரோட்டுக்கு ஓடினேன். டவுனிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து அவள் இறங்கிக்கொண்டிருந்தாள், வேலை நாளில், வெயில் ஏறும் முன்னே. என் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. பக்கத்தில் வந்து டிபன் டப்பாவை என் கையில் கொடுத்தாள். காலையில் கட்டிய சோறு இன்னும் சூடாகத்தான் இருந்தது.