ஒன்பதும் இருபத்திரண்டும்

என்பு மச்சை மாதிரி, எடுக்கப்பட்டு இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். படிவத்தின் பின்பக்கம், மூன்றாவது பந்தி. (என்பு மச்சை: எலும்புக்குள் இரத்தம் உருவாகும் மென்பகுதி.) பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து, விதிகளை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியே ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பந்தியையும் வாசித்தேன். ஆனால் கட்டுப்பட்டது முன்பக்கத்துக்கு.

மூன்று வாய் சோற்றோடு வயிறு நிறைந்ததுதான் முதல் அறிகுறி. இடது விலாவின் கீழே ஏதோ கனத்தது. முள்ளியவளை வீட்டில் மனைவி அதை வயது என்றாள். நானும் அப்படியே பதிந்துகொண்டேன். பரிசோதித்தபோது மண்ணீரல் வீங்கியிருந்தது. வெண்குழியங்கள் (இரத்தத்தின் வெள்ளைக் கலங்கள், அதாவது உயிரணுக்கள்) அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன.

வவுனியாவில் இரத்தநோய் வைத்தியர் ஒரு கடதாசியில் வரைந்து விளக்கினார். அவருக்கு என் மகளின் வயதிருக்கும். ஒவ்வொரு கலத்திலும் நாற்பத்தாறு நிறமூர்த்தங்கள் (டி.என்.ஏ. இழை சுருண்டு கட்டுண்ட பொதிகள்). இழை தினமும் பழுதாகிறது. கலமே தினமும் திருத்துகிறது. எப்போதாவது இரண்டு நிறமூர்த்தங்கள் ஒரே சமயத்தில் முறிந்து, திருத்தும்போது முனைகள் மாறி ஒட்டிவிடும். ஒன்பதாவதின் துண்டு இருபத்திரண்டில், இருபத்திரண்டின் துண்டு ஒன்பதில். இரண்டு கோப்புகள் அவிழ்ந்து, தாள்கள் மாறிக் கட்டப்பட்டதுபோல. மாறிக் கட்டிய கோப்பிலிருந்து ‘பெருகு’ என்ற கட்டளை ஓயாமல் வெளியாகும். அதை இரத்துச் செய்ய ஆளில்லை.

“அந்த மாற்றம் இருந்தா நிப்பாட்ட நல்ல குளிசை இருக்கு, ஐயா. இல்லையெண்டா இது வேற வருத்தம். பாதை கொஞ்சம் கஷ்டம்.”

எதனால் முறிந்தது என்று கேட்டேன். வயலுக்கு அடித்த மருந்தா, போர்க்காலப் புகையா? பெரும்பாலானவர்களில் காரணம் சொல்ல முடியாது என்றார். குற்றவாளி இல்லாத விசாரணை எனக்குப் பழக்கமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மச்சை எடுத்தார்கள். அன்றே, அதே சந்தேகத்துக்கு, விசுவமடு முத்துராசாவுக்கும். நெல் விதைக்கிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மாதிரியைக் கொழும்புக்கு வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். அவருடைய மச்சான் குழாயைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு உடனே பஸ் ஏறினார். கடிதமில்லை, முத்திரையில்லை. நான் மனதுக்குள் சிரித்தேன்.

என் படிவத்தின் முன்பக்கத்திலும் முத்திரைக் கட்டம் வெறுமையாக இருந்தது. முத்திரைக்குப் பொறுப்பானவர் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை. புறப்பட நின்ற மருமகனை நான்தான் மறித்தேன்.

“ரத்தம் உங்கடைதானே அப்பா, அதுக்கேன் சீல்?” என்றாள் மனைவி.

உனக்கு நிர்வாகம் தெரியாது என்றேன். குழாய் செவ்வாய் வரை எங்கள் குசினியில், குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது. பிறகு முத்திரையோடும் முகப்புக் கடிதத்தோடும் கௌரவமாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தது. கலம் பிரியும் வேளையில்தான் நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்க்க முடியும். பிரிவதற்குக் கலம் உயிரோடு இருக்க வேண்டும். என்னுடையவை செத்திருந்தன.

இதை வாசிக்கும் நோயாளர்களே, மாதிரியை முதலில் அனுப்புங்கள். கடிதம் பிறகு ஆறுதலாக வரட்டும்.

அடுத்த கிளினிக்கில், வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்து முத்துராசா தன் அறிக்கையை விரித்தார். நிறமூர்த்தங்கள் சோடி சோடியாக அடுக்கப்பட்ட படம். ஒன்பதில் ஒன்று நீண்டிருந்தது. இருபத்திரண்டில் ஒன்று குட்டை. அவருக்குச் சரியான இடத்தில் முறிந்திருந்தது. காணி, பதவி, பிள்ளைகளின் வெளிநாடு என்று மற்றவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒருவருடைய பழுதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றுதான்.

எனக்கு மறுபடி ஊசி ஏற்றினார்கள். மச்சான் அன்றைக்கே கொழும்பு போகிறார், தாருங்கள் என்றார் முத்துராசா. நான் படிவத்தைப் பார்த்துத் தயங்கினேன்.

“சீல் வேணுமெண்டா மச்சான்ர நெத்தியில குத்திவிடுங்கோ, ஐயா.”

குழாயைக் கொடுத்தேன். அந்தப் பெருந்தன்மைக்காக அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

பிறகு காத்திருப்பு. கலங்களின் எண்ணிக்கையைக் குறைக்க எனக்குத் தற்காலிகக் குளிசை தந்திருந்தார்கள். அரைக் கோப்பைக் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. முத்துராசா கன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டு மூன்றாவதைக் கையில் கொண்டு வந்தார். அவரது குளிசைக்குப் பக்கவிளைவு ஏதும் உண்டா என்று அக்கறையோடு விசாரித்தேன். கெண்டைக்கால் கொஞ்சம் பிடிக்கிறது என்றார். அன்று எனக்கு நல்ல நித்திரை வந்தது.

ஆய்வுகூடத்துக்கு இரண்டு நினைவூட்டல் கடிதம் எழுதினேன். ஆறாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை, வைத்தியரே தொலைபேசியில் அழைத்தார்.

“ஒன்பதும் இருபத்திரண்டும்தான், ஐயா. நாளைக்கே வந்து குளிசையைத் தொடங்குங்கோ.”

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னப்பா என்று கேட்டாள். முறிந்திருக்கிறது என்றேன். அவள் அழத் தொடங்க, நல்ல இடத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது ஒரு கோப்பைச் சோறு முழுதாக இறங்குகிறது. உடம்பு என்பது நான் நடத்தும் அலுவலகம் என்றிருந்தேன். கேட்காமலே முறிந்து, கேட்காமலே ஒட்டும் ஒன்றில் நான் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். முத்துராசாவின் எண்ணிக்கை இன்னும் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதை நான் மன்னிக்கவில்லை. பிறந்த திகதி, நியமனத் திகதி, ஓய்வுபெற்ற திகதி: படிவங்களுக்கு இந்த மூன்றும் போதுமாயிருந்தன. காலையில் குளிசையை விழுங்கும்போது, எந்தப் படிவமும் கேட்காத நாலாவது ஒன்று நினைவுக்கு வருகிறது. பங்குனி பன்னிரண்டு, வியாழக்கிழமை.