மீட்டரின் முகம்

ஆலை கேன்டீன் சமையல்காரரை எல்லோரும் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சூப்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கியதும் அவர் முகம் உண்மையைக் கக்கிவிடும். இடது புருவம் ஏறியதோ, வரிசையில் நிற்பவர்கள் நைசாக நழுவி வெளியே ரொட்டி வாங்கப் போய்விடுவார்கள். மேனேஜர் கெஞ்சிப் பார்த்தும் அந்த முகத்துக்குப் பொய் வரவில்லை.

அவருடைய ஏழு மாத மகளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. டாக்டரம்மா, பால் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த தனிப் பால்மாவை எழுதிக் கொடுத்தார். டப்பாவில் போட்டிருந்த அளவு பிசகாமல் மீட்டர்தான் கலக்குவார். குழந்தையோ வாயைத் திறக்கவே மாட்டேன் என்றது. எடை இறங்கிக்கொண்டே போனது.

“வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள எடை ஏறலேன்னா, ஆஸ்பத்திரியில சேர்த்து மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் கொடுக்கணும்,” என்றார் டாக்டரம்மா.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். லீவு நாளன்று சமையலறை வாசலில் நின்று கவனித்தாள். மீட்டர் பாலைக் கலக்கினார், ஒரு சொட்டை நக்கினார். ஒரே கசப்பு. புருவம் ஏறி, மூக்கு சுருங்கி, வாய் கோணிக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த மகள் அந்த முகத்தையே கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “என்னங்க, உங்க மூஞ்சியப் பார்த்தா நானே குடிக்க மாட்டேன்! ருசி பார்க்காமத்தான் கொடுங்களேன்.”

“வாசனைக்கே புருவம் ஏறுதே, நான் என்னம்மா பண்ணுவேன்?”

“கண்ணாடி முன்னாடி நின்னு பழகுங்க.”

பழகினார். முதல் நாள் புருவத்தை விரலால் அமுக்கிப் பிடித்தார். மூன்றாம் நாள் நக்கிவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டி, “ஆஹா!” என்றார். மகள் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். சாயங்காலத்துக்குள் முழு பாட்டிலும் காலி.

வெள்ளிக்கிழமை காலை எடை மெஷின் நூற்றெண்பது கிராம் கூட்டிக் காட்டியது. டாக்டரம்மா முன்னாலேயே மீட்டர் அழுதுவிட்டார்.

மத்தியானம் கேன்டீனில் சூப்பை நக்கியவர், பழக்கதோஷத்தில் “ஆஹா!” என்றார். நம்பி வாங்கியவர்களுக்கு வாயெல்லாம் உப்புக் கரித்தது.

“என்ன அண்ணே, மீட்டர் ரிப்பேரா?” என்றார் வரிசையில் முதலில் நின்று வாங்கிக் குடித்தவர்.

“எம்பொண்ணு நூத்தியெண்பது கிராம் ஏறிட்டா தம்பி!”

அவர் ஒரு கணம் மீட்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை நீட்டினார்.

“அப்போ இன்னொரு கரண்டி ஊத்துங்க.”