பூட்டிய வீடு

"அம்மா, 'வீடு'ங்கிற சொல்லுக்கு முன்னாடி ஒரு சொல், பின்னாடி ஒரு சொல் போடணுமாம்" என்று என் மகள் பென்சிலைக் கடித்தபடி கேட்டாள். வரும் திங்கட்கிழமை முதல் நான் பல்லாவரத்தில் வேலைக்குப் போகிறேன். இனி பள்ளி விட்டு வந்து அவளேதான் கதவைத் திறக்க வேண்டும்.

தாம்பரத்தில் மூன்றாம் வகுப்பு படித்தபோது எனக்கும் இதே பாடம் வந்தது. 'பூட்டிய வீடு', 'வீட்டைத் திற' என்று எழுதினேன். அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போவார்கள். என் கழுத்துக் கயிற்றில் சாவி தொங்கும். வியர்வை பட்டு இரும்பு வாசனை அடிக்கும். டீச்சர் சிரித்தார். "ஏண்டி, 'அழகிய வீடு'ன்னு எழுத மாட்டியா? உங்க வீடு என்ன கோடவுனா?" வகுப்பே சிரித்தது.

அம்மாவும் வேறொரு பள்ளியில் டீச்சர்தான். கையெழுத்துப் போட நோட்டை வாங்கியவள், புடவைகூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நாளைலேர்ந்து பக்கத்து வீட்டு அக்கா திறந்து வைப்பாங்க" என்றாள்.

மறுநாள் கதவு திறந்திருந்தது. "அம்மா!" என்று உள்ளே ஓடினேன். யாருமில்லை. தூரத்தில் மின்சார ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்டது. பூட்டியிருந்தபோதாவது, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்துதான் திறப்பேன்.

"சொல்லும்மா" என்றாள் மகள்.

'அழகிய' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வது சரியா என்று தோன்றியது. "நீயே யோசிச்சு எழுதும்மா" என்றேன்.

எழுதினாள். எட்டிப் பார்த்தேன். நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, "நீ பாக்காதம்மா, மிஸ் மட்டும்தான் பாக்கணும்" என்றாள்.