ஐந்தரை மணிக்கு முன்னால் வந்த மீன்

மீன் குழம்பு இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது. ஆனால் மீன் வாடை ஆகாது. நெடுங்காட்டில் நெல் வயலுக்கு நடுவில் பிறந்த எங்களுக்கு மீன் என்பது கழுவி, மஞ்சள் தடவி, சட்டிக்கு வந்த பிறகுதான் மீன். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

சென்னையில் எட்டு வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகித் தலத்தெருவுக்கு வந்து வீட்டிலிருந்தபடியே சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்தேன். அப்போது காரைக்காலில் மீன் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி கூப்பிட்டது. கொள்முதல், ஐஸ், பேக்கிங், பில் என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே ஈஆர்பி மென்பொருள் இருந்தது. அதன் தகவல்கள் மேனேஜர் அறையில் ஏசிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரில் கிடந்தன. முதலாளி சென்னையில் இருந்தார். அன்றன்றைக்கு வந்த மீனைத் தன் போனிலேயே பார்க்க வேண்டும் என்றார். மென்பொருள் இங்கேயே இருக்கட்டும், தகவல்களை மட்டும் க்ளவுடில் ஒரு டேட்டாபேஸுக்கு மாற்றி இரண்டையும் இணைத்துக் கொடு என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

மீன் வாங்கும் கவுண்டரில் ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கடலோரத்துக் குடும்பம். இறால் உரிக்க வந்து, இருபது வருடத்தில் கவுண்டருக்கு உயர்ந்தவர். கூடை வந்ததும் கட்டைவிரலால் செவுளைத் தூக்கி, சிவப்பு மங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். "சரி" என்றால் உள்ளே போகும், இல்லையென்றால் திரும்பிப் போகும். எந்த வியாபாரியும் அவரிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

முதல் நாளே என்னிடம் சொன்னார். "ஏம் பாப்பா, பத்து மணிக்கு வந்து என்னத்தப் பாப்ப? காலையில நாலு மணிக்கு வா. கடல்லேர்ந்து போட்டு வர்ற நேரம். அப்பதான் இங்க என்ன நடக்குதுன்னு தெரியும்."

"கம்ப்யூட்டருக்கு நாலு மணியும் ஒண்ணுதான், பத்து மணியும் ஒண்ணுதான்க்கா" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நான் போகவில்லை. தூக்கம் ஒரு காரணம். அந்த நேரத்துக் கவுண்டரில் தண்ணீரும் ரத்தமும் கணுக்கால் வரை நிற்கும் என்று கேள்விப்பட்டது இன்னொரு காரணம்.

இணைப்பு வேலை முடிந்தது. பத்து மணிக்குப் பதிந்து பார்த்தேன், மத்தியானம் பதிந்து பார்த்தேன், நாலு நாள் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வந்த தேதியை யாரும் கையால் போட வேண்டாம், பதிந்ததுமே டேட்டாபேஸ் தானாகப் போட்டுக்கொள்ளும், யாராலும் மாற்ற முடியாது என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்தது.

புது ஏற்பாடு ஓடத் தொடங்கிய நாலாம் நாள், நான் போனபோது மணி பத்து. கவுண்டர் முன்னால் கூட்டம். மீனுக்கான பணச் சீட்டு வாங்க வந்த வியாபாரிகள் நாலைந்து பேர் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் அக்கா, கையுறையோடு. எதிரில் மேனேஜர். சென்னையிலிருந்து போன் வந்திருக்கிறது. இன்று பேக் பண்ணிய மீனில் பாதிக்குமேல் நேற்றைய தேதி, மூன்று நாளாகவே இப்படித்தான், என்ன நடக்கிறது அங்கே என்று முதலாளி கேட்டிருக்கிறார். நேற்றே யாரிடமோ மலிவான மீனை வாங்கி ஐஸில் போட்டு, காலை மீனோடு சேர்த்து அக்கா தள்ளிவிடுகிறார் என்பது மேனேஜரின் முடிவு.

"இன்னிக்கு வந்த மீனு சார். நான் செவுளப் பாத்துத்தான் எடுத்தேன். வேணும்னா நீங்களும் தூக்கிப் பாருங்க" என்றார் அக்கா.

மேனேஜர் கூடைப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தார். "மேடம், சிஸ்டம் தப்பாக் காட்ட வாய்ப்பு இருக்கா?"

ஒரு நிமிடம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். என் கையில் லேப்டாப் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் என் வேலையைச் சந்தேகப்படுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இல்ல சார். நாலு நாள் டெஸ்ட் பண்ணியிருக்கேன். மனுஷங்கதான் தப்புப் பண்ணுவாங்க, சிஸ்டம் பண்ணாது" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. பிறகு கையுறையைக் கழற்றித் தராசு மேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானமே அவரை இறால் உரிக்கும் ஷெட்டுக்கு மாற்றினார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் தொடங்கிய அதே இடத்துக்கு.

கவுண்டருக்கு ஒரு புதுப் பையனைப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி சென்னையிலிருந்து போன். மறுபடி பாதி மீனுக்கு நேற்றைய தேதி. இந்தத் தடவை மேனேஜர் என் மேஜைக்கே வந்து, "பையன் புதுசு, எங்கயோ மாத்தி அழுத்துறான் போல. கொஞ்சம் பாருங்க மேடம்" என்றார். அவன் செய்தால் கைத்தவறு, அக்கா செய்தால் திருட்டு. இந்த நியாயம் அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. உறைப்பதற்கு வேறொன்று காத்திருந்தது.

திரையில் தேதி மட்டும்தான் தெரியும். நான் உள்ளே போய் நேரத்தையும் எடுத்துப் பார்த்தேன். இரவு பதினொரு மணி பத்து நிமிடம். பதினொன்றரை. பதினொன்றே முக்கால். இரவு பதினொரு மணிக்கு அந்தக் கம்பெனியில் கேட் பூட்டியிருக்கும், வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருப்பார். எந்த மீன் வந்தது? டேட்டாபேஸ் காட்டிய நேரத்தையும் என் போனில் இருந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அந்த டேட்டாபேஸின் கடிகாரம் நம் ஊர்க் கடிகாரம் இல்லை. உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுவது. இங்கே விடிகாலை நாலரை என்றால் அங்கே முந்தைய நாள் இரவு பதினொன்று. அதாவது காலை ஐந்தரைக்கு முன் பதிந்த ஒவ்வொரு கூடைக்கும் அது நேற்றைய தேதியைத்தான் போடும். பத்து மணிக்குச் சோதித்தால் இரண்டு இடத்திலும் ஒரே தேதி. நாலு மணிக்கு ஒரே ஒரு நாள் வந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். பழைய பதிவுகளின் தேதிகளையும் ஒரே கட்டளையில் திருத்திவிட்டேன். அக்கா சொன்னது உண்மை என்பதற்கு இருந்த சாட்சியும் அதோடு போனது. மேனேஜரிடம், "ஒரு சின்ன செட்டிங் சார், சரியாயிடுச்சு" என்றேன். அவர் "தேங்க்ஸ் மேடம்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எனக்கு ஒரே வரியில் முடிந்தது.

மூன்று வாரம் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் சாப்பிடப் போனேன். போனைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சறுக்கிய ஆனை இன்னொருவர் மேல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பழமொழியில் இல்லை.

ஒப்பந்தம் முடியும் கடைசி நாள் ஷெட்டுக்குள் போனேன். அக்கா குந்தி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நானும் குந்தினேன். தப்பு என்னுடையது, கடிகாரம் தப்பு, நீங்கள் எடுத்தது அத்தனையும் அன்றைக்கு வந்த மீன்தான் என்று சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியாதா பாப்பா, அது அன்னிக்கு வந்த மீனுன்னு?" என்றார். கொஞ்சம் கழித்து, "மேனேஜர்ட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லக்கா. இன்னிக்குச் சொல்லிடறேன். உங்கள மறுபடி கவுண்டருக்கே..."

"கவுண்டரு கெடக்கட்டும். என் வீட்டுக்காரரு போற போட்டுலயே என்னயப் பத்திப் பேசுறாங்க. சொல்றதுன்னா நாலு மணிக்கு வந்து சொல்லு. போட்டுக்காரங்க, வியாபாரிங்க எல்லாரும் அப்பதான் ஒண்ணா நிப்பாங்க."

"வர்றேன்க்கா" என்றேன்.

மேனேஜருக்கு அன்றே மெயில் அனுப்பினேன். "பாத்துக்கலாம் மேடம்" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் அக்காவை மறுபடி கவுண்டரில் உட்கார வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏன் இறக்கினார்கள், ஏன் ஏற்றினார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மெயில் அனுப்பிய அன்றிரவே நான் மூன்றரைக்கு அலாரம் வைத்தேன். அடித்தது. நிறுத்திவிட்டுப் படுத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அலாரம் வைக்கவில்லை. மெயில்தான் அனுப்பிவிட்டோமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் சங்கரா மீன் விலை கேட்டேன். விற்கிற அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, "தைரியமா வாங்கிட்டுப் போங்க. ஐஸ் மீனு இல்ல. அந்தக் கம்பெனியில ஒருத்தி நேத்து மீன இன்னிக்கு மீனுன்னு ஏத்தி மாட்டிக்கிட்டாளே, அந்த மாதிரி வேலையெல்லாம் நமக்குத் தெரியாது. இந்தா, நீங்களே பாருங்க" என்று கட்டைவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டினார்.

செவுள் நல்ல சிவப்பாக இருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "அரைக் கிலோ போடுங்க" என்றேன்.