ஷார்ஜாவுக்குள் போக முடியாத பாட்டில்

வளைகுடாவில் பேச்சிலர் என்றால் கல்யாணம் ஆகாதவன் என்று அர்த்தமில்லை. மனைவி ஊரில் இருந்தால் அறுபது வயதுக்காரரும் பேச்சிலர்தான். மகளைப் பிளஸ் ஒன் சேர்க்க மனைவி கோயம்புத்தூர் போன மாதமே நானும் பேச்சிலர் ஆனேன். துபாய் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, வாடகை குறைவென்று ஷார்ஜாவில் ஒற்றை அறைக்கு மாறினேன். அத்தோடு என்னை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதும் நின்றது. மூவராக இருந்தபோது வாரம் தவறாமல் யார் வீட்டிலாவது சாப்பாடு இருக்கும். அதே நான்தான், பக்கத்தில் குடும்பம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகத்து ஜெர்மன்காரர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். போகும் முன் ஒருநாள் மதியம் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். வாத்து வறுவல், வெண்ணெயில் வதக்கிய காளான், கூடவே அவர் ஊர்ச் சிவப்பு வைன். ஷ்பேட்புர்குண்டர் என்று பெயர். நிறம் வெளிறி இருந்ததால் தண்ணீர் கலந்துவிட்டாரோ என்று பார்த்தேன். லேபிளில் இருந்த 'ட்ரோக்கன்' என்ற சொல்லுக்கு டிரை என்று அர்த்தமாம். நமக்கு டிரை என்றால் சில்லி சிக்கன்தான். டிரையா, கிரேவியா என்று சர்வர் கேட்பாரே, அது. தண்ணியாக இருப்பது எப்படி டிரை ஆகும் என்று கேட்டேன். இனிப்பு இல்லை என்று பொருள், என்றார் சிரிக்காமல்.

முதல் வாய் பிடிக்கவில்லை. புளிப்பு, அதன் பின்னால் நாவல்பழம் தின்றதுபோல லேசான துவர்ப்பு. வாத்துக் கொழுப்பு நாக்கில் இருக்கும்போதே அடுத்த வாய் குடிக்கச் சொன்னார். கொழுப்பை அது வழித்துக்கொண்டு போனது. காளானோடு இன்னும் நன்றாக இருந்தது. மிளகாய் மட்டும் கூடாது, காரம் பட்டால் வைன் செத்துவிடும், மிளகு பரவாயில்லை என்றார். கிளம்பும்போது இன்னொரு பாட்டிலைக் கையில் கொடுத்து, நாலு பேரோடு சாப்பிடும்போது திற என்று சொல்லி அனுப்பினார்.

ஷார்ஜாவில் மது அறவே கூடாது. அந்த எமிரேட்டே டிரை. அதனால் பாட்டில் துபாயில், அலுவலக அலமாரியில் கிடந்தது. உண்மையில் வைன் ஒரு சாக்குதான். ஒரு வீட்டில், பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே, யாராவது பரிமாற உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குத்தான் தவித்தேன். வெட்கத்தை விட்டு, முன்பு துபாயில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் இருந்த நண்பருக்குப் போன் செய்து, ஜெர்மன்காரர் கொடுத்த வைனைப் பற்றிச் சொன்னேன்.

"கொண்டாங்க ஜி. சனிக்கிழமை மத்தியானம் வந்துருங்க."

"மட்டன் மிளகு வறுவல் பண்ணச் சொல்லுங்க. மிளகாய் வேணாம். காளான் இருந்தா வெண்ணெயில வதக்கினாப் போதும்."

"மெனுவே குடுத்துட்டீங்க," என்று சிரித்தார்.

முடி வெட்டிக்கொண்டேன். சட்டையை இஸ்திரி போட்டேன். முந்தின நாளே பாட்டிலை அலுவலக ஃபிரிட்ஜில் குளிரவைத்து, சனிக்கிழமை அந்த வழியாகப் போய் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கேக்கும் வாங்கிப் போனேன். நண்பர் கீழே கார் பார்க்கிங்கிலேயே நின்றிருந்தார். அவர் சட்டையில் மிளகு வறுவல் வாசம் அடித்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க ஜி. திடீர்னு மூணு ஃபேமிலி வந்துட்டாங்க. லேடீஸ் எல்லாம் இருக்காங்க. பேச்சிலர்னு பார்த்தா நீங்க ஒருத்தர்தான். உங்களுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்."

"அதுக்கென்ன ஜி, பரவாயில்ல."

பாட்டிலோடு வீட்டுக்குப் போகவும் முடியாது. அவரிடமே கொடுத்தேன், கேக்கையும் கொடுத்தேன். அடுத்த தடவை கண்டிப்பாக என்று தோளைத் தட்டிவிட்டு லிஃப்டுக்குள் போனார்.

ஷார்ஜா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. நிறையத் தட்டுகளுக்கு நடுவே பாட்டில் நிற்கும் போட்டோ. "மட்டனுக்குச் செம ஜோடி ஜி. எங்க கிடைச்சுதுன்னு எல்லாரும் கேட்டாங்க. ஒரு ஜெர்மன்காரர் குடுத்தார்னு சொன்னேன், அசந்துட்டாங்க. உங்க ஃபேமிலி வந்ததும் சொல்லுங்க, சேர்ந்து உட்காரலாம்."

கோபம் வந்தது. அதைவிட அழுகைதான் வந்தது. மகளுக்குப் பள்ளி முடியவே இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. அப்புறம் கல்லூரி.

சரி ஜி என்று பதில் போட்டேன்.