பீலியடியில் படித்த சீனம்

எனக்குச் சீனம் சொல்லிக்கொடுத்தது ஒரு அகராதி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சீன-ஆங்கில அகராதி, மொழி படிக்கிறவர்களுக்கென்றே செய்தது. சொல்லை அடித்தால் சீன எழுத்து வரும், அர்த்தம் ஆங்கிலத்தில் வரும், பக்கத்திலுள்ள சின்ன ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் ஒரு பெண் அதை உச்சரித்துக் காட்டுவாள். என் ஆங்கிலமோ அரைகுறை. அதனால் அந்த அர்த்தத்துக்கு இன்னொரு பக்கத்தைத் திறந்து தமிழ் தேட வேண்டும். ராகலையிலிருந்து நுவரெலியாவுக்கு வலப்பனை சுற்றிப் போகிற கதைதான். ஆனாலும் போய்ச் சேர்ந்தேன்.

காரணம் வேலை. நுவரெலியா வீதியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் விற்பனை நிலையத்தில் கோப்பை கழுவும் தற்காலிக ஆள் நான். பயணிகளுக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டும் இடம் ஒன்று அங்கே காலியானது. சீனர்கள் நிறைய வருகிறார்கள், நாலு மாதத்தில் அவர்களில் ஒரு குழுவைக் கூட்டிப்போகும் அளவுக்குப் பேசப் பழகினால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் தற்காலிக ஆட்களை நிறுத்தப்போகிறோம் என்று மெனேஜர் மாத்தயா சொல்லிவிட்டார். நிறுத்தினால் அம்மாவோடு கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான். அம்மாவுக்கு அது பிடிக்காது. எனக்கு அதைவிடப் பிடிக்காது, அதை அம்மாவிடம் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில். மலைத்தண்ணீர் வந்து விழும் பீலிக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது, அதில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். லயத்துப் பெண்கள் எல்லாரும் சாயந்தரம் வேலை விட்டு வந்து தண்ணீர் பிடிப்பதும், துணி துவைப்பதும், வம்பளப்பதும் அங்கேதான். ஆக, என் வகுப்பறைக்கு எப்போதும் கூட்டம்.

“என்ன புள்ள, போனுக்குள்ள யாரோ சண்ட போடுறாங்க?” என்றார் அடுத்த காம்பராவில் இருக்கும் அக்கா.

“சண்டை இல்லக்கா, படிக்கிறேன்.”

“அவ வெளங்காம கத்துறா. நீயும் வெளங்காம கத்துற. நல்ல படிப்புதான்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சீனத்தில் ஒரே ஒலியை ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் வேறொன்று. நான் எப்படிச் சொன்னாலும் அந்தப் பெண் சொல்வதுபோல் வரவில்லை. ஒருநாள் ‘உங்கள் பெயர் என்ன’ என்பதை இருபது தடவை சொல்லிவிட்டுப் போனை வீசப் போனபோது, வாளி நிறையக் காத்திருந்த அம்மா வாயைத் திறந்தார்.

“அப்புடி இல்ல புள்ள. அவ நடுவுல கொஞ்சம் ஏத்திச் சொல்றா.”

“ஒங்களுக்கு என்னம்மா தெரியும்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாலு மாதம் முடிந்து பரீட்சை நாள் வந்தது. பன்னிரண்டு சீனர்கள். கொழுந்து வாட்டும் மாடியில் மடமடவென்று பேசினேன். அரைக்கும் இயந்திரத்தடியிலும் குறைவில்லை. அப்புறம், கழுத்தில் கமரா மாட்டிய நரைத்தலை அம்மா ஒருவர் நீளமாக ஏதோ கேட்டார். ஒரு சொல்கூட விளங்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. அகராதியைத் திறந்தால், இயந்திர அறைக்குள் சிக்னல் இல்லை. சும்மா சிரித்து வைத்தேன். பின்னால் நின்ற மாத்தயா சிரிக்கவில்லை. கூடை முதுகில் ஏறியது மாதிரியே இருந்தது.

கடைசியாக, படம் எடுக்க மலைக்குக் கூட்டிப்போக வேண்டும். அன்றைக்கு வீதியோரத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது அம்மாவும் லயத்துப் பெண்களும். பயணிகள் வந்தால் நடப்பது ஒன்றுதான்: பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள், வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு வேனில் ஏறுவார்கள். நரைத்தலை அம்மா கமராவை என் அம்மாவின் பக்கம் உயர்த்தினார். அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டு, அகராதிப் பெண்ணின் அதே ஏற்ற இறக்கத்தோடு கேட்டார்.

“நி ஜியாவ் ஷென்ம மிங்ஸ?”

உங்கள் பெயர் என்ன.

அந்த அம்மா கமராவை இறக்கிவிட்டுத் தன் பெயரைச் சொன்னார். அப்புறம் அதையே திருப்பிக் கேட்டார். பதில் சொல்லும் அளவுக்குச் சீனம் இல்லாமல் அம்மா என்னைப் பார்த்தார். என் நாக்கு அப்போதுதான் அவிழ்ந்தது. பெயரைச் சொன்னேன், இவர் என் அம்மா என்றும் சொன்னேன். பிறகு பக்கத்தில் நின்ற அக்காவின் பெயர், அதற்கடுத்தவர் பெயர் என்று வரிசையாகப் போனது, பன்னிரண்டு பேரும் திருப்பிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எத்தனையோ கமராக்கள் அந்த மலைக்கு வந்திருக்கின்றன. ஒருவரும் அங்கே பெயர் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அம்மாவை அதட்டிய நினைவில் வெட்கமாகவும் இருந்தது. திரும்பி நடக்கும்போது, யூனிபோர்ம் தைக்க அளவு கொடுக்கும்படி மாத்தயா சிங்களத்தில் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து விற்பனை நிலையத்துக்கு அந்த நரைத்தலை அம்மாவிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே, அன்றைக்குப் பெயர் கேட்ட பிறகு எடுத்த என் அம்மாவின் படம், பின்பக்கத்தில் மூன்று சீன எழுத்து. சாயந்தரம் கல்லில் ஏறி நின்று ஒவ்வொன்றாக விரலால் வரைந்து அகராதியில் தேடினேன். முதல் எழுத்துக்குக் கார்டு என்று வந்தது, அடுத்ததற்கு ஒருவகைக் கல், மூன்றாவதற்கு இழு. ஒன்றும் விளங்காமல் ஒலிபெருக்கியை வரிசையாகத் தொட்டேன். அந்தப் பெண் என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

“வந்துட்டேனுங்க” என்று பீலியிலிருந்து குரல் வந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் சொல்கிற அதே பதில். வாளியை வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்தபடி அம்மா கல்லடிக்கு வந்தார்.

“யாரு புள்ள கூப்புட்டது?”

“ஒங்க டீச்சர்” என்று இன்னொரு தடவை தொட்டுக் காட்டினேன். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“அப்புடி இல்ல புள்ள. கடைசில தப்பா ஏத்துறா.”

இந்த முறை போனை அவர் பக்கம் நீட்டினேன். அம்மா குனிந்து, அந்தப் பெண்ணுக்கு விளங்கும்படி, தன் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார்.